காலுக்கு முன் தள்ளாடுவது எது?

குடி என்றவுடன் தெருவில் விழுந்து கிடக்கிறவன்தான் நம் ஞாபகத்துக்கு வருகிறான். நீதிமொழிகள் 23-ன் கடைசி வசனங்களில் வேதம் அவனையும் காட்டுகிறது. ஆனால் கால் தள்ளாடுவதற்கு முன்னமே தள்ளாடுகிற ஒன்று உண்டு. அதுதான் நன்மை தீமையைப் பகுத்தறிகிற புத்தி.

லேவியராகமம் 10-ல் ஆரோனின் குமாரர் நாதாபும் அபியூவும் அந்நிய அக்கினியைக் கொண்டுவந்து செத்தார்கள். அந்தத் துக்கம் ஆறுமுன்னே கர்த்தர் ஆரோனோடே பேசி, ஆசரிப்புக் கூடாரத்துக்குள் வரும்போது திராட்சரசமும் மதுபானமும் கூடாது என்றார். அப்படியானால் அவர்கள் இருவரும் குடித்திருந்தார்களா? வேதம் அப்படிச் சொல்லவில்லை, நாமும் கூட்டிச் சொல்லவேண்டாம். ஆனால் கட்டளைக்குக் காரணம் அங்கேயே இருக்கிறது. பரிசுத்தமானதையும் அல்லாததையும் ஆசாரியன் வித்தியாசம் பண்ணவேண்டும், ஜனங்களுக்குப் போதிக்கவேண்டும். லேமுவேல் ராஜாவுக்கு அவன் தாய் சொன்ன புத்தியும் இதுதான் (நீதி. 31). ராஜா குடித்தால் எளியவன் வழக்கு புரண்டுபோகும்.

ஏலா ராஜாவைப் பாருங்கள். ராணுவம் கிபெத்தோனை முற்றிக்கைபோட்டுக் கிடக்கிறது. ராஜாவோ திர்சாவிலே அர்சாவின் வீட்டில் குடித்து வெறிகொண்டிருக்கிறான். சிம்ரி உள்ளே வந்து வெட்டிப்போட்டான் (1 இராஜா. 16).

நாபால் கதை இன்னும் நம் வீடுகளுக்குக் கிட்ட இருக்கிறது. தாவீது 400 பேரோடு பட்டயம் கட்டிக்கொண்டு வருகிறான். நாபாலுக்கு ஒன்றும் தெரியாது, வெறித்துக் கிடக்கிறான். அபிகாயில் அன்று ராத்திரி வாயே திறக்கவில்லை, வெறி தெளிந்த பிறகு காலையில்தான் பேசினாள் (1 சாமு. 25). சகோதரிகளே, இதைக் கவனியுங்கள்! போதையில் வந்தவனிடம் ராத்திரி பதினொரு மணிக்கு நியாயம் கேட்டால் சண்டைதான் மிஞ்சும். அதற்காக அடி வாங்கிக்கொண்டு அங்கேயே கிடக்கவேண்டும் என்று அர்த்தமில்லை. கையோங்குகிறவனாயிருந்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முதலில் வெளியே வந்துவிடுங்கள்.

"தீமோத்தேயுவுக்குப் பவுலே சொல்லலையா, பாஸ்டர்?" என்று சிலர் கேட்பதுண்டு. சொன்னார். அதுவரை தண்ணீர் மட்டும் குடித்துவந்த ஒரு வாலிபனுக்கு, வயிற்றுக்காக, கொஞ்சம் என்று சொன்னார். வயிற்றுக்கு மருந்து வாங்குகிறவன் அதை ஏன் பீரோவுக்குப் பின்னால் ஒளிக்கிறான்? கல்யாண வீட்டுக்கு ஒன்று, சாவு வீட்டுக்கு ஒன்று என்று "மருந்து" குடித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை திருவிருந்துக்குக் கை நீட்டுகிறவர்கள் நம் நடுவிலும் உண்டு.

பெந்தெகொஸ்தே நாளில் சீஷர்களையும் வெறிகாரர் என்றுதான் பரியாசம் பண்ணினார்கள். பேதுரு எழுந்து, பொழுது மூன்றாம் மணிதான் என்று சொல்லி (நம் கடிகாரத்தில் காலை 9), யோவேல் தீர்க்கதரிசனத்தைப் பிசகாமல் எடுத்து விளக்கினார். ஆவியானவரின் நிறைவு புத்தியை மழுங்கப்பண்ணாது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். நம் தெருவிலேயே அப்படிக் குடிக்கிறவர் இருந்தால், அவருக்காக உபவாசித்து ஜெபியுங்கள், போய்ப் பாருங்கள். ஒரு காரியம். வருஷக்கணக்காகத் தினமும் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, புத்தி தடுமாற்றம் வரலாம், உயிருக்கே ஆபத்து. "விசுவாசம் போதும்" என்று வீட்டில் பூட்டி வைக்காதிருங்கள். அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் டாக்டர் சொல்கிறபடி நிறுத்தவையுங்கள். ராத்திரி கூட இருக்க நம் வாலிபர் இரண்டு பேர் போகட்டும்.