துப்பாக்கியும் மூன்று கேள்விகளும்

கண்டி மாவட்டத்தில் காட்டை அண்டித் தோட்டம் செய்வோருக்குக் காட்டுப்பன்றி தீராத தொல்லை. ஒரே இரவில் மரவள்ளித் தோட்டத்தையே கிளறிவிடும். அத்தகைய விவசாயி துப்பாக்கிக்கு விண்ணப்பிக்கச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் மூன்று கேள்விகளைக் கேட்கிறது: எந்த வகைத் துப்பாக்கி? யார் கையில்? எதற்காக?

இதற்கு அடிப்படை, 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். அனுமதிப்பத்திரமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். விற்பவருக்கும் தனி அனுமதி வேண்டும். பயிர்ப் பாதுகாப்புக்கான அனுமதியை மாவட்டச் செயலாளரும், தற்பாதுகாப்புக்கான அனுமதியைப் பாதுகாப்பு அமைச்சும் வழங்குகின்றன. அனுமதி டிசம்பர் 31உடன் முடிவடையும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

1996ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. தானியங்கித் துப்பாக்கியைச் சட்டவிரோதமாக வைத்திருந்தால் ஆயுள் தண்டனை கிடைக்கலாம். ஏன் இந்த வேறுபாடு? விவசாயியின் சாதாரணத் துப்பாக்கி ஓரிரு வேட்டுகளோடு ஓய்ந்துவிடும். மீண்டும் தோட்டா போட வேண்டும். தானியங்கியோ விசையை விடும்வரை தொடர்ந்து சுடும். எதிரே நிற்பவருக்கு ஓடி ஒளிய அவகாசமில்லை.

விசையை அழுத்தும் ஒவ்வொரு தடவையும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் அரைத் தானியங்கியும் இவ்வாறே ஆபத்தானது. 1996 ஏப்ரலில் அவுஸ்திரேலியாவின் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்டனர். அந்நாடு இத்தகைய துப்பாக்கிகளைக் கடுமையாகக் கட்டுப்படுத்தி, 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை மக்களிடமிருந்து விலைகொடுத்து மீளப்பெற்றது. 2019 மார்ச் 15இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச்சில், ஜும்ஆத் தொழுகைக்குக் கூடியிருந்த இரு பள்ளிவாசல்களில் நடந்த தாக்குதல் 51 உயிர்களைப் பறித்தது. ஒரு மாதத்துக்குள் அந்நாட்டுப் பாராளுமன்றம் பெரும்பாலான அரைத் தானியங்கிகளைத் தடைசெய்தது. ஆதரவாக 119 வாக்குகள். எதிராக ஒன்றே ஒன்று.

தூர தேசத்துக் கதை என்று நாம் இருந்துவிட முடியாது. நம் அயலில் இருப்பது கட்டுத்துப்பாக்கி. விலங்கு வரும் தடத்தில் மறைத்து வைத்து, குறுக்கே நூலோ கம்பியோ கட்டிவிடுவர். கால் பட்டதும் வெடிக்கும். வந்தது பன்றியா, விறகு பொறுக்க வந்த பெண்ணா என்று அதற்குத் தெரியாது. "யார் கையில்?" என்ற கேள்விக்கு இங்கே விடையே இல்லை. அது எவர் கையிலும் இல்லை. அதனாலேயே அது மிகக் கொடியது.

சகோதரிகளே, இப்படியொன்று கட்டப்பட்டிருப்பது தெரிந்தால் அருகே போகாதீர்கள். பெரியவர்களிடம் சொல்லுங்கள், 119 இலக்கத்தில் பொலிஸாருக்கு அறிவியுங்கள். அயல்வீட்டாரைக் காட்டிக்கொடுப்பதா என்ற தயக்கம் வரலாம். நாளை அந்த வழியால் நடப்பது அவருடைய பிள்ளையாகவும் இருக்கலாம்.