அஞ்சுவதும் அஞ்சாமையும் – தலைமையேற்போர் சிந்தனைக்கு

அம்பிகையின் சந்நிதியில் தீபாராதனை நடைபெறும் வேளையில் நம் கண்கள் முதலில் திருமுகத்தை நாடுகின்றன. அடுத்து உயர்த்திய வலக்கரத்தில் வந்து தங்குகின்றன. அது அபயகரம். "அஞ்சாதே, நான் இருக்கிறேன்" என்பது அதன் பொருள். வேண்டியதை ஈயும் வரதம் இடக்கரத்தில் அமைய, அச்சம் தீர்க்கும் அபயம் வலக்கரத்தில் அமைந்திருப்பது சிந்திக்கத்தக்கது. பகவத்கீதையின் பதினாறாம் அத்தியாயத்திலே தெய்வ சம்பத்துக்களை வரிசைப்படுத்தும் கண்ணபிரானும் அபயத்தையே முதலில் வைக்கின்றார். அடியார்க்கு இறைவன் முதலில் தருவது பொன்னோ பொருளோ அன்று. அச்சம் நீங்கிய மனம்.

அப்படியாயின் அச்சமே அறியாத ஒருவர்தாம் ஊருக்கும் ஆலயத்துக்கும் தலைமை தாங்கலாமா? மகோற்சவ காலத்தில் பரிபாலன சபைக் கூட்டங்களில் இருந்தவர்களுக்குத் தெரியும், தலைவர் கதிரையில் இருப்பவருக்கு எத்தனை அச்சங்கள் என்று. தேருக்கு வடம் பிடிக்கும் நாளில் மழை வருமோ, சனக்கூட்டத்தில் யாராவது சில்லில் அகப்பட்டு விடுவார்களோ, கணக்கில் ஒரு சதம் குறைந்தால் ஊர் என்ன சொல்லுமோ என்று அவர் நித்திரை கொள்வதில்லை. இவருக்கு வீரம் இல்லை என்று நாம் சொல்லிவிடலாகாது.

திருவள்ளுவர் இதற்கு வழி காட்டுகின்றார். இறைமாட்சி என்னும் 39ஆம் அதிகாரத்தில் அரசனிடம் குறையாதிருக்க வேண்டிய நான்கு குணங்களைக் கூறுமிடத்து அஞ்சாமையை முதலில் வைத்தார். அதே பொருட்பாலில், அறிவுடைமை என்னும் 43ஆம் அதிகாரத்தில், அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாதிருப்பது பேதைமை என்றார். இரண்டும் முரண் அல்ல. எதற்கு அஞ்சுவது, எதற்கு அஞ்சாதிருப்பது என்று பிரித்தறிவதே தலைவனின் தொழில் என்பது கருத்து. என் சிற்றறிவுக்கு எட்டியவரையில் அந்தப் பிரிவு இதுதான்: தனக்கு என்ன நேருமோ என்று அஞ்சுவது ஒன்று, தன்னை நம்பி நிற்போருக்கு என்ன நேருமோ என்று அஞ்சுவது மற்றொன்று. முன்னையதை அடக்க வேண்டும். பின்னையதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

திருநாவுக்கரசு நாயனாரைப் பயமறியாதவர் என்றே நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கின்றோம். ஏழு நாள் நீற்றறையில் இருந்தவர், நஞ்சுண்டும் பிழைத்தவர், யானைக்கும் அஞ்சாதவர், கல்லோடு கட்டிக் கடலில் இடப்பட்டும் திருப்பாதிரிப்புலியூரில் கரையேறியவர். ஆனால் சேக்கிழார் பெருமான் அதற்கு முன்னைய கதையையும் மறைக்கவில்லை. சூலை நோய் தாங்கமாட்டாமல் சமையற்காரனைத் தமக்கையாரிடம் தூது அனுப்பியவரும் இவரே. அத்தமக்கையார் திலகவதியார், சமண் பள்ளிக்கு வரமாட்டேன் என்று மறுத்தபோது, பிறர் அறியாமல் இரவிலே புறப்பட்டுத் திருவதிகைக்கு வந்தவரும் இவரே. இருளில் மறைந்து வந்த அந்த மனிதர்தாம் பின்னர் பல்லவனின் மந்திரிமார் படையோடு வந்து அழைத்தபோது பட்டப்பகலில் எழுந்து நடந்தார். இடையில் நடந்தது என்ன? தமக்கையின் கையால் திருநீறு பெற்றார், கோயிலுக்குள் சென்றார், தம்மை ஓரிடத்தில் ஒப்படைத்தார். தனக்காக அஞ்சும் அச்சம் அங்கே கழன்றது. பிறவியிலேயே அஞ்சாதவர் ஒருவரின் வரலாறாக இது இருந்திருப்பின், எம்மைப் போன்றவர்களுக்கு அதனால் பயன் அதிகம் இராது.

இனி எமது மண்ணுக்கு வருவோம். 1847ஆம் ஆண்டு மார்கழி மாதம் 31ஆந் திகதி, வெள்ளிக்கிழமை. வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலிலே நல்லூர் ஆறுமுகம்பிள்ளை என்னும் இளைஞர் சைவப் பிரசங்கம் செய்ய எழுந்து நின்றார். நாவலர் என்ற பட்டம் அப்போது இல்லை. அது 1849இல் திருவாவடுதுறை ஆதீனத்தில் கிடைத்தது. இருபத்தைந்து வயது நிறைந்து சில நாட்களே ஆகியிருந்தன. அவர் தாம் கற்ற வெஸ்லியன் மிசன் பாடசாலையிலேயே ஆசிரியர். அதன் தலைவரான பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணை நின்றவர். மிசன் சம்பளத்தில் வாழ்ந்துகொண்டே கோயிலில் சைவம் பேச எழுவதென்றால், அடுத்த மாதச் சம்பளம் நிச்சயமில்லை என்பது எவருக்கும் விளங்கும். ஆங்கிலேயர் ஆட்சி. உத்தியோகம் வேண்டுமாயின் மிசன் பாடசாலையின் வாசலால் போக வேண்டிய காலம்.

அவர் உள்ளத்தில் அன்று என்ன ஓடியது என்று நாம் எழுதப் புகவில்லை. அவர் செய்த முறையைக் கவனிப்போம். முதலாவது, தனியே செய்யவில்லை. நல்லூர் கார்த்திகேய ஐயரும் உடனின்று பிரசங்கம் செய்தார். இரண்டாவது, ஒரு நாள் முழக்கத்தோடு நிறுத்தவில்லை, வெள்ளிக்கிழமைதோறும் தொடர்ந்தார். முதல் வெள்ளி நடுங்கிய நாக்கு பத்தாம் வெள்ளி நடுங்காது என்பது மேடை ஏறிய எவருக்கும் தெரிந்த உண்மை. வள்ளுவர் அவையஞ்சாமைக்குத் தனியே ஓர் அதிகாரம் ஒதுக்கினார். எவ்வளவு கற்றும் அவைக்கு அஞ்சுவாரின் கல்வி பயன்படாது என்று அதிலே கடிந்தார். கற்றவருக்கும் அவை அச்சம் உண்டு என்பதை அவர் அறிந்திருந்தபடியாற்றானே அப்படிக் கடிந்தார்! மூன்றாவது, நாவலர் பெருமான் பேச்சோடு நிற்கவில்லை. அடுத்த ஆண்டு 1848இல் உத்தியோகத்தைத் துறந்து, வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை ஆரம்பித்து இலவசமாகக் கல்வி புகட்டினார். அச்சியந்திரம் வாங்கச் சென்னை சென்றார். செய்ய வேலை இருக்கும் மனத்தில் அச்சம் குடியிருக்க இடம் குறைவு.

பாதிரிமாருக்கும் அரசாங்கத்துக்கும் அஞ்சாமை ஒருபுறம் இருக்கட்டும். எனக்கு அதிலும் பெரிதாகத் தோன்றுவது, அவர் சொந்தச் சனத்துக்கு அஞ்சாதிருந்தமை. 1872இல் 'யாழ்ப்பாணச் சமய நிலை' என்னும் பிரசுரத்தை வெளியிட்டுச் சைவர்களின் குறைகளையே எடுத்துரைத்தார். புறத்தாரை எதிர்ப்பவனுக்கு ஊர் மாலை போடும். ஊரைக் கண்டிப்பவனுக்கு யார் மாலை போடுவார்? அடுத்த வீட்டாரும் இனசனமும் சபை உறுப்பினரும் முகம் திருப்பிக் கொள்வார்களே என்ற அச்சம் பீரங்கி அச்சத்திலும் கொடியது. அந்த அச்சத்தால் எத்தனையோ தலைமைகள் வாய் மூடியிருந்தன என்பதை நாமும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். சாதியின் பேரால் அடியாரை ஆலய வாசலில் மறிப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1957இல் வந்தது. சில ஆலயங்களின் கதவுகள் அதன் பின்னரும் ஆண்டுக்கணக்கில் திறக்கவில்லை. தவறு என்று தெரிந்த பெரியவர்கள் அங்கெல்லாம் இல்லாமலா இருந்தார்கள்? இருந்தார்கள், அயலுக்குப் பயந்திருந்தார்கள். நாவலர் பெருமானும் தம் காலத்துச் சாதி வரம்பைக் கடந்தவர் அல்லர் என்பதைச் சொல்வது அவருக்கு இழுக்காகாது என்று நம்புகின்றேன்.

இக்காலத்து ஆலய சபைகளுக்கு உரிய சிறு காரியம் ஒன்றையும் இவ்விடத்தில் குறிப்பிடலாம். கணக்கறிக்கை வாசிக்கும் நாளை எண்ணிப் பொதுக்கூட்டத்தையே பின்போடும் தலைவர்கள் உள்ளனர். பெரும்பாலும் அவர்களிடம் களவு இல்லை. கேள்வி கேட்பார்களே என்ற பயமே உண்டு. பின்போடப் பின்போடச் சந்தேகம் வளர்கிறது. சந்தேகம் வளரப் பயமும் வளர்கிறது. பற்றுச்சீட்டுகளை மாதந்தோறும் ஒழுங்குபடுத்தி, அறிவித்தற் பலகையில் வரவு செலவை ஒட்டி விடுபவருக்குக் கூட்டத்தன்று அஞ்ச என்ன இருக்கிறது? பேச எழுமுன் மூச்சை மெதுவாக நீள விட்டு, இட்ட தெய்வத்தை நினைந்து, முதல் வசனத்தை மாத்திரம் மனனம் செய்துகொண்டு எழுந்தால் மீதி தானாக வரும்.

தன் அச்சத்தை மறைக்கப் பிறரை அதட்டும் தலைவர்களும் உண்டு. வெருவந்த செய்யாமை என்ற 57ஆம் அதிகாரம் அவர்களுக்குரியது. தலைவர் சீறுவார் என்று தெரிந்தால் பொருளாளர் குறையைச் சொல்லமாட்டார், தொண்டர் வடம் இற்றுப்போனதைச் சொல்லமாட்டார். ஒருவரும் ஒன்றும் சொல்லாத சபையில் தலைவர் நிம்மதியாக இருப்பார், தேர் சரியும் நாள் வரைக்கும்.

பிறர் அச்சத்தைக் கையாள்வது எப்படி என்பதற்கு மகாபாரதத்து விராட பருவத்திலே அழகிய இடம் ஒன்று உண்டு. கௌரவர் ஆநிரை கவர்ந்தனர் என்று கேட்ட உத்தரகுமாரன், நல்ல சாரதி மட்டும் கிடைத்தால் அனைவரையும் வென்று வருவேன் என்று அந்தப்புரத்துப் பெண்கள் முன் வீரம் பேசினான். பிருகன்னளையாக மறைந்திருந்த அருச்சுனன் சாரதியானான். வீட்டுமரும் துரோணரும் கர்ணனும் நிற்கும் சேனையைக் கண்டதும் இராசகுமாரன் தேரிலிருந்து குதித்து ஓடினான். நாமாக இருந்தால் சிரித்திருப்போம். அருச்சுனன் துரத்திப் பிடித்தான். போரை நான் செய்கிறேன், நீ தேரை ஓட்டு என்றான். வன்னிமரத்தில் ஏற்றி ஆயுதங்களை எடுப்பித்தான். தான் இன்னார் என்பதைத் தன் பத்துப் பெயர்களையும் சொல்லி விளக்கினான். ஓடியவன் அன்று தேரோட்டி மீண்டான். மிரண்டவனிடம் அருச்சுனன் வீரத்தை எதிர்பார்க்கவில்லை. அவனால் ஆகக்கூடிய வேலை ஒன்றைக் கையில் கொடுத்தான், உண்மை நிலையையும் சொன்னான். விசயதசமியன்று நம் ஆலயங்களில் மானம்பூ உற்சவம் காணும்போது அந்த வன்னிமரத்தில் நடுங்கியபடி ஏறிய பிள்ளையையும் நினைத்துக்கொள்ளலாம்.

யுத்த காலத்தை விட்டுவிட்டு யாழ்ப்பாணத்தில் அச்சத்தைப் பற்றி எழுத முடியாது. தெல்லிப்பழை ஸ்ரீ துர்க்காதேவி தேவஸ்தானத்தின் தலைமையைச் சிவத்தமிழ்ச் செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார் 1977இல் ஏற்றார். ஒரு பெண் பெருங்கோயிலொன்றின் நிர்வாகத் தலைமையில் இருப்பதே அன்று புதுமை. 1982இல் துர்க்காபுரம் மகளிர் இல்லத்தை நிறுவி, ஆதரவற்ற பெண் பிள்ளைகளுக்குத் தாயானார். 1990 தொடக்கம் வலிகாமம் வடக்கு மக்கள் அலையலையாக இடம்பெயர்ந்தனர். பின்னர் உயர்பாதுகாப்பு வலயத்தின் விளிம்பிலே அந்த ஆலயம் நின்றது. அந்த ஆண்டுகள் முழுவதும், 2008 ஆனியில் சிவபதம் அடையும் வரையில், அம்மையார் அப்பொறுப்பை விடவில்லை. இல்லம் நிறையப் பெண் பிள்ளைகளை வைத்திருப்பவர் செல் சத்தத்துக்கு அஞ்சாதிருக்க முடியுமா? அஞ்சத்தான் வேண்டும். இன்று அரிசி எவ்வளவு, சின்னப் பிள்ளையை யார் தூக்குவது, எந்த வழியால் போவது என்று எண்ணவைப்பது அந்த அச்சமே. தலைவனைக் கதவடைத்துப் படுக்கவைக்கும் அச்சம் வேறு, இது வேறு.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி பின்னேரம் ஒலிபெருக்கி அறிவித்தலோடு வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்குப் புறப்பட்ட அந்த மழை இரவை இம்மலரை வாசிக்கும் பலர் மறந்திரார். எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இருந்தார். அப்போது ஆலய சபையிலும் பொறுப்பில் இருந்தவர். சனம் சைக்கிளும் மூட்டையுமாக வீதிக்கு வந்து, போவதா நிற்பதா என்று ஆளுக்கொரு கதை சொல்லிக் கொண்டிருந்த வேளை, அவரிடம் ஒரு பொடியன் கேட்டான், "மாஸ்டர், உங்களுக்குப் பயமில்லையே?" என்று.

"எனக்கும் பயமாத்தான் கிடக்குது தம்பி. ஆனா கிழவியளை விட்டிட்டுப் போகேலாது. நீ போய் அந்தக் கரியர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வா, ஆச்சியை அதில இருத்துவம்" என்றார்.

அதன் பிறகு பொடியன் கேள்வி கேட்கவில்லை. வேலை வந்துவிட்டது. வாத்தியார் பாடசாலைக் கொப்பி ஒன்றில் ஒழுங்கையில் உள்ள ஒவ்வொருவர் பெயரையும் எழுதினார். நடக்கமாட்டாதவர் பெயருக்குப் பக்கத்தில் அவர்களைக் கொண்டு செல்பவர் பெயரையும் எழுதினார். ஆலயத்துக்குச் சென்று, பூட்டிய வாசலில் கர்ப்பூரம் கொளுத்திக் கும்பிட்டு வந்தார். பிறகு நடந்தோம். நாவற்குழிப் பாலத்தடியில் மணிக்கணக்காக ஓர் அடியும் வைக்க இடமில்லாமல் நெரிசல். அவர் நின்ற இடத்தில் நின்றே, மழைக்குள் ரோர்ச் வெளிச்சத்தில் பெயர் பெயராகக் கூப்பிட்டுப் பார்த்தார். பதில் வராத பெயருக்கு ஆள் அனுப்பித் தேடுவித்தார். மறுநாள் சாவகச்சேரியில் ஒரு பாடசாலை விறாந்தையில் எல்லோரும் வந்து சேர்ந்து, கடைசிப் பெயருக்கு நேரேயும் சரி போட்ட பின்னர்தான் கொப்பியை மூடினார். தேநீர்க் கோப்பையை நீட்டினோம். கை நடுங்கிய நடுக்கத்தில் அவரால் அதைப் பிடிக்க முடியவில்லை.