பொதுக் கருவிக்கூடத்தில் சேரப்போகும் பிள்ளைகளுக்கு

சுனாபட்டி, செம்பூர், மாட்டுங்கா பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் பலர் இப்போது ஆய்வுக்கூட வேலைக்குப் போகிறீர்கள். பவாய் ஐஐடியில் 1976-இல் தொடங்கிய பொதுக் கருவி மையம், கொலாபாவில் டிஐஎஃப்ஆரின் தேசிய என்எம்ஆர் மையம், டிராம்பேயில் துருவா அணு உலை என வெளி ஆய்வாளர்களுக்கும் கதவு திறக்கும் இடங்கள் நம் மும்பையிலேயே இருக்கின்றன. உங்களுக்குச் சில வார்த்தைகள்.

1. வாங்குமுன் தேடுங்கள். எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று பார்க்க 2020 ஜனவரி முதல் ஐ-ஸ்டெம் தளம் இருக்கிறது. நீங்கள் கேட்கும் கருவி நாலு ஸ்டேஷன் தள்ளி சும்மா கிடக்கலாம்.

2. மானியம் மூன்று வருடத்தில் முடியும். கருவி பதினைந்து வருடம் ஓட வேண்டும். வருடாந்திரப் பராமரிப்பு, யுபிஎஸ், ஏசி, ஆள் சம்பளம் எல்லாவற்றையும் கொள்முதல் கோப்பிலேயே எழுதிவிடுங்கள். என்எம்ஆர் காந்தத்துக்கு ஹீலியம் தீரவே கூடாது. தீர்ந்தால் காந்தம் மீக்கடத்தும் தன்மையை இழந்து, மிச்சத் திரவமும் சில நிமிடத்தில் ஆவியாகிவிடும். நம் நாட்டுக்கு ஹீலியம் இறக்குமதிச் சரக்கு. ஆவியைப் பிடித்துத் திரும்பத் திரவமாக்க வழி இருந்தால் விடாதீர்கள்.

3. ஜூன் முதல் செப்டம்பர் வரை உங்கள் எதிரி ஈரம். எஃப்டிஐஆர் கருவிக்குள் இருக்கும் பொட்டாசியம் புரோமைடு ஜன்னல் உப்புதானே, மும்பை மழைக்காற்று பட்டால் மங்கிப்போகும். மாணவர் அதே உப்பில் அழுத்தி எடுக்கும் வில்லையும் கண்ணெதிரே வெளுக்கும். அப்புறம் வரைபடத்தில் 3400 செ.மீ⁻¹ பக்கம் அகலமாக ஒரு மேடு வரும், அது தண்ணீர். அதைத் தன் சேர்மத்தின் ஹைட்ராக்சில் என்று எழுதி ஆய்வேட்டில் சேர்த்துவிடுவார் பாவம். சிலிக்கா ஜெல் நீலத்திலிருந்து ரோஸ் நிறமாகிறதா என்று தினமும் பாருங்கள், மாறினால் அடுப்பில் வறுத்துப் போடுங்கள். ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை ஞாயிற்றுக்கிழமையும் அணைக்காதீர்கள். யுபிஎஸ் பேட்டரியைத் தரைத்தளத்தில் வைக்க யார் சொன்னாலும் கேட்காதீர்கள். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் கொட்டியதைப் பார்த்த ஊர் இது.

4. காலையில் முதலில் விடை தெரிந்த சாம்பிளைப் போடுங்கள். எஃப்டிஐஆர் என்றால் பாலிஸ்டைரீன் படலம், 1601 செ.மீ⁻¹-இல் கோடு வந்தாக வேண்டும். எக்ஸ்ஆர்டி என்றால் சிலிக்கான் பொடி. வந்த எண்ணைத் தேதி போட்டு லாக் புக்கில் எழுதுங்கள். கருவி மெல்ல நகர்வது அந்தப் பக்கங்களில்தான் முதலில் தெரியும்.

5. நல்ல டெக்னீஷியனைப் பதினொரு மாத ஒப்பந்தத்தில் வைத்திருப்பது சிக்கனம் ஆகாது. கோடி ரூபாய்க் கருவியின் சத்தம் மாறியதைக் காதால் கண்டுபிடிக்கிறவர் அவர். அவர் கிளம்பினால் அந்த அறிவும் கிளம்பும். ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு பேரைப் பழக்குங்கள். கட்டுரை வெளிவரும்போது நன்றியில் அவர் பெயர் வர வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

6. கருவி நேரத்தை இலவசமாகக் கொடுக்காதீர்கள். சும்மா கிடைத்தால் தேவையில்லாத சாம்பிள் குவியும். கல்லூரிக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று என்று கட்டணம் வைத்து, வந்த பணத்தை அந்தக் கருவியின் கணக்கிலேயே போடச் சொல்லிப் போராடுங்கள்.

7. ஸ்லாட் வரிசையில் டைரக்டரின் மாணவரும் நிற்கட்டும்.

8. வெளியூர்ப் பிள்ளையை மறக்காதீர்கள். திருநெல்வேலியிலிருந்து ஒரு மாணவி கூரியரில் அனுப்பும் பொடி ஈரமாக வந்தால், எலக்ட்ரான் நுண்ணோக்கியின் வெற்றிடத்துக்குள் அதை ஏற்ற முடியாது. ‘நிராகரிக்கப்பட்டது’ என்று முத்திரை குத்தித் திருப்பினால் அவளுக்கு ஒரு மாதம் போய்விடும். போனை எடுங்கள். எப்படி உலர்த்துவது, எவ்வளவு அனுப்புவது, தங்கப்பூச்சு தேவையா என்று சொல்லுங்கள். படத்தோடு எந்த மின்னழுத்தத்தில், எந்த உருப்பெருக்கத்தில் எடுத்தீர்கள் என்பதையும் எழுதி அனுப்புங்கள். அவள் கல்லூரியில் அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் இருக்கலாம்.