நீர்க்கடுப்பும் மீதி மாத்திரையும்

இவ்வாண்டு மலருக்கு உடல்நலம் குறித்து எழுதும்படி செயற்குழுவினர் பணித்தனர். நான் மருத்துவன் அல்லன். கரும்பலகை முன் நின்று காலம் கழித்தவன். ஆகவே என் இல்லத்தில் நானே செய்த தவறு ஒன்றைப் பாடமாக வைக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் துணைவியாருக்கு நீர்க்கடுப்பு கண்டது. எரிச்சல், அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர். அவருக்கு இனிப்பு நீரும் உண்டு. தமிழகத்துக்குத் தல யாத்திரை சென்றபோது என் சளிக்காக வாங்கி, பாதி உட்கொண்டு மீந்த ஆண்டிபயாட்டிக் மாத்திரைகள் அலமாரியில் இருந்தன. கிளினிக்கில் காத்துக் கிடப்பானேன் என்று அவற்றையே கொடுத்தேன். இரண்டு நாளில் எரிச்சல் தணிந்தது. அரை வைத்தியன் ஆகிவிட்டதாக எனக்கு உள்ளூரப் பெருமை வேறு. இரண்டு வாரம் கழித்துக் குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல், விலாப்புறத்தில் வலி. கிருமி சிறுநீரகம் வரை ஏறிவிட்டிருந்தது. மருத்துவமனையில் சிறுநீரை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பியதில், நான் கொடுத்த மருந்துக்கு அக்கிருமி அசையாது என்று தெரிந்தது. ஒரு வாரம் ஊசி மருந்து ஏற்றிய பிறகே அவர் வீடு திரும்பினார்.

சிறுநீர்த் தொற்று பெரும்பாலும் நம் குடலில் வாழும் ஈ.கோலை என்ற கிருமியால் வருகிறது. பொருந்தாத மருந்து பட்டால் எளியவை மடியும்; தாங்கவல்லவை பிழைத்துப் பெருகும். அதோடு நிற்பதில்லை. எதிர்ப்புத் திறன் ஒரு மரபணுத் துணுக்காகப் பக்கத்துக் கிருமிக்கும் கைமாறும். தேர்வு மண்டபத்தில் விடை எழுதிய துண்டுச் சீட்டு மேசை மேசையாகப் போவதை நான் எத்தனை முறை பிடித்திருக்கிறேன்! இங்கே வேறு இனக் கிருமியும் அச்சீட்டை வாங்கிக்கொள்ளும்.

அப்படியொரு சீட்டு உலகையே கலக்கியது. டில்லியில் சிகிச்சை பெற்றுச் சுவீடன் திரும்பிய இந்திய வம்சாவளியினர் ஒருவரின் சிறுநீர்த் தொற்றில், 2008ஆம் ஆண்டு, கடைசி ஆயுதமாக வைத்திருந்த கார்பாபெனம் மருந்துகளையும் முறிக்கும் நொதி காணப்பட்டது. அதற்கு 'புதுடில்லி' என்றே பெயர் சூட்டினர், சுருக்கமாக என்.டி.எம்.-1. பெயரைக் கேட்டு இந்தியாவில் பலர் சினந்தனர். எனக்கும் மனம் கசந்ததுண்டு. ஆனால் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமியை முதலாசிரியராகக் கொண்டு 2010 ஆகஸ்டில் வெளிவந்த ஆய்வு, இதைத் தாங்கிய கிருமிகளைச் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 மாதிரிகளில் காட்டியது. கோபித்துப் பயனில்லை. 2012 ஆகஸ்டில் இந்திய மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி 'சென்னைப் பிரகடனம்' கண்டன. 2014 மார்ச் முதல், குறிப்பிட்ட ஆண்டிபயாட்டிக்குகளை விற்கும்போது மருத்துவர், நோயாளி பெயர்களைக் கடைக்காரர் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது அங்குச் சட்டம்.

நம் நாட்டிலோ 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின்படி மருத்துவர் சீட்டின்றி இவற்றை விற்கக் கூடாது. ஆனாலும் யாத்திரை சென்று வரும் நம் பைகளில் விபூதி, குங்குமத்தோடு மாத்திரை அட்டைகளும் வருகின்றன அல்லவா?

நீர்க்கடுப்பு கண்டால் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் சிறுநீரைக் கொடுத்துச் சோதியுங்கள். எளிய சிறுநீர்ப்பைத் தொற்றுக்குச் சில நாள் மருந்தே போதும். சிறுநீரகத்தை எட்டினால் நாள் கூடும். அந்தக் கணக்கை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். நடுக்கத்துடன் காய்ச்சலோ, விலா வலியோ, வாந்தியோ இருந்தால் அன்றே மருத்துவமனை. வயதானவர் திடீரெனத் தடுமாறிப் பேசினாலும் காட்டுங்கள். மற்றொன்று: தொந்தரவு ஏதுமில்லாத முதியவரின் சிறுநீரில் கிருமி தென்பட்டால் பெரும்பாலும் மருந்தே வேண்டியதில்லை. கர்ப்பிணிகளுக்கு மட்டும் அப்படி விடக் கூடாது. சாதாரணச் சளி வைரஸால் வருவது. அதற்கு ஆண்டிபயாட்டிக் பயன்படாது. என் சளிக்கு நான் வாங்கியதே வீண் செலவுதான்.

துணைவியார் வீடு திரும்பிய மறுநாள் அலமாரியைத் துழாவினேன். நான்கு வகை மீதி மாத்திரைகள் கிடைத்தன. இரண்டுக்குக் காலாவதியும் ஆகியிருந்தது. பையில் போட்டு அரசாங்க மருந்தகத்தில் ஒப்படைத்தேன். அங்கிருந்த பெண் எண்ணிப் பார்த்துவிட்டு, "இவ்வளவும் ஒரே வீட்டிலிருந்தா, சார்?" என்று கேட்டார்.