அடுக்குமாடிக் குடியிருப்பில் அடக்கமான ஆன்டெனா

இந்திய நகரங்களில் தனி வீடுகள் குறைந்து அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகி வருகின்றன. இம்மாற்றத்தினால் பாதிக்கப்பட்ட துறைகளுள் அதிகம் பேசப்படாத ஒன்று அமெச்சூர் வானொலி. அரசின் தேர்வில் தேறி, உரிமம் பெற்று, சொந்தச் செலவில் நிலையம் அமைத்து, ஊதியம் எதிர்பாராது பிற நிலையங்களுடன் தொடர்பு கொள்வோரே அமெச்சூர் வானொலியாளர் எனப்படுகின்றனர். 'ஹாம்' என்பது இவர்களுக்கு வழங்கும் பொதுப்பெயர். முன்னர் தோட்டத்தில் கம்பம் நட்டு ஆன்டெனா கட்டியவர்கள், இன்று நான்காம் மாடியில் ஒரு பால்கனியுடன் வாழ்கின்றனர். மொட்டை மாடி அவர்களுக்கு மட்டும் உரியதன்று. கட்டடத்தின் வெளித்தோற்றத்தை மாற்றலாகாது என்று சங்கத்தின் துணைவிதிகள் கூறுகின்றன.

இது ஒரு சிலரின் பொழுதுபோக்கைப் பற்றிய சிக்கல் மட்டுமன்று. 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் கட்ச் பகுதியைப் பூகம்பம் தாக்கியபோது, அமெச்சூர் வானொலியாளர்கள் தகவல் தொடர்புப் பணியில் ஈடுபட்டனர். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கிய வேளையில், பாரதி பிரசாத் தலைமையிலான அமெச்சூர் குழு ஒன்று சிறப்பு அனுமதியுடன் போர்ட் பிளேயரில் தங்கியிருந்தது. வழக்கமான தொடர்புகள் அறுந்த நிலையில், தீவு மக்களைப் பற்றிய செய்திகளை அக்குழு பெருநிலத்துக்கு அனுப்பிற்று. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது கைபேசித் தொடர்பு பல பகுதிகளில் செயலிழந்தது. மின்சாரம் நின்று கோபுரங்களின் மின்கலங்களும் தீர்ந்துவிட்டால், கைபேசி எவ்வளவு நவீனமாயினும் பயனற்றதாகிவிடும். அந்நேரத்தில், பாதிக்கப்பட்ட தெருவிலேயே பழகிய கையும் இயங்கும் நிலையமும் இருப்பது நாட்டுக்கு ஒரு சேமிப்பு. அன்றாடம் பயன்படுத்தாத நிலையம் ஆபத்து நாளில் திடீரென இயங்காது. ஆகவே, ஆன்டெனா கட்ட இடமில்லாமற்போனால் இந்தச் சேமிப்பும் மெல்லக் கரைந்துவிடும்.

சட்டம் கூறுவது

இங்கு இருவகை அனுமதிகளை வேறுபடுத்தி அறிதல் வேண்டும். முதலாவது, அலைபரப்புவதற்கு அரசு வழங்கும் உரிமம். அமெச்சூர் பணிக்கென 1978ஆம் ஆண்டில் தனி விதிகள் வகுக்கப்பட்டன. மத்திய அரசின் கம்பியில்லாத் தொடர்புத் திட்டமிடல் ஒருங்கிணைப்புப் பிரிவு தேர்வையும் உரிமத்தையும் கவனிக்கும் பொறுப்பை ஏற்றது. நிலையம் அமையும் இடம் உரிமத்தில் குறிக்கப்படும். வீடு மாறினால் அதனைத் தெரிவித்தாக வேண்டும். 1885, 1933 ஆகிய ஆண்டுகளின் பழைய சட்டங்களுக்குப் பதிலாக 2023இல் தொலைத்தொடர்புச் சட்டம் இயற்றப்பட்டுள்ளதால், அதன் கீழ் வெளியிடப்படும் விதிகளை மாணவர்கள் அவ்வப்போது பார்த்தறிதல் நலம்.

இரண்டாவது, கட்டடத்தைப் பயன்படுத்துவதற்கான இசைவு. அரசு உரிமம் வைத்திருப்பதனால் மட்டும் பொது இடத்தில் கம்பி கட்டும் உரிமை ஒருவருக்கு வந்துவிடாது. 1970ஆம் ஆண்டின் மகாராஷ்டிர அடுக்குமாடி உரிமைச் சட்டம் கூரையைப் பொதுப்பகுதிகளுள் ஒன்றாகக் கருதுகிறது. 2016ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டமும் மொட்டை மாடியைப் பொதுப்பகுதிகளின் பட்டியலில் சேர்த்துள்ளது. எனவே மொட்டை மாடியைப் பயன்படுத்தச் சங்கத்தின் இசைவு தேவை. வாடகைதாரர் வீட்டு உரிமையாளரிடமும், அரசுக் குடியிருப்பில் வசிப்போர் உரிய அலுவலகத்திடமும் இசைவு பெறுதல் வேண்டும்.

பிற நாடுகளிலும் இச்சிக்கல் உண்டு. அமெரிக்காவில் 1985இல் கூட்டாட்சித் தொடர்பு ஆணையம் பிறப்பித்த ஆணை, உள்ளாட்சி அமைப்புகள் அமெச்சூர் ஆன்டெனாக்களுக்கு நியாயமான இடமளிக்க வேண்டும் என்றது. ஆனால் வீட்டு உரிமையாளர் சங்கங்களின் தனியார் ஒப்பந்தங்களை அது கட்டுப்படுத்தவில்லை. ஆகவே அங்கும் கண்ணை உறுத்தாத ஆன்டெனாவை அமைக்கும் கலையே வளர்ந்தது.

கண்ணை உறுத்தாத ஆன்டெனா என்பது களவாக வைத்த ஆன்டெனா அன்று. பார்வைக்கு அடங்கியிருப்பது வேறு. சட்டத்துக்கு மறைந்திருப்பது வேறு. மறைவாக அமைத்த நிலையம், அண்டை வீட்டாரின் ஐயத்துக்கு இடமளித்து, ஆபத்து நாளில் வெளிப்படையாகப் பணியாற்ற இயலாததாகிவிடும்.

நீளத்தின் கணக்கு

ஆன்டெனாவின் அளவை அலைநீளமே தீர்மானிக்கிறது. 300ஐ மெகாஹெர்ட்ஸில் உள்ள அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். நடுவில் பிரித்து இணைக்கப்படும் அரை அலைக் கம்பியின் நீளத்தை அறிய 143ஐ அதிர்வெண்ணால் வகுத்தால் போதும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 20 மீட்டரும், 14.2க்கு 10 மீட்டரும், 28.4க்கு 5 மீட்டரும், 145க்கு ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவாகவும் கம்பி தேவைப்படும். எந்தப் பணிக்கு எந்த அதிர்வெண் என்று முதலில் தீர்மானித்தால், தேவையற்ற பெரிய அமைப்பைத் தவிர்க்கலாம்.

நகருக்குள் மட்டும் பேசுவதே நோக்கமாயின் 145 மெகாஹெர்ட்ஸ் போதுமானது. கால் அலை அளவான அரை மீட்டர்க் குச்சி ஒன்றைப் பால்கனிக் கம்பியழியில் பொருத்தலாம். அழியே அதற்குத் தரைத்தளம்போல் உதவும். இவ்வலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிலேயே செல்வதால், மேல்மாடியில் வசிப்பது இங்கு ஒரு நன்மையாகிறது.

மாவட்டம், மாநிலம் தாண்டிப் பேச 7 அல்லது 14 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவரின் உட்புறமாக, மெல்லிய காப்பிட்ட கம்பியை இழுத்துக் கட்டினால் தெருவிலிருந்து அது தெரியாது. கான்கிரீட்டினுள் உள்ள இரும்புக் கம்பிகள் அலையின் ஆற்றலை விழுங்கும் ஆதலால், சுவரை ஒட்டாமல் சிறு காப்புத் தாங்கிகளின் மேல் கம்பி செல்லுதல் நன்று. ஒரு முனையிலிருந்து இணைப்புக் கொடுக்கும் அரை அலைக் கம்பி மாடிவாசிகளுக்கு ஏற்றது. எனினும் அம்முனையில் மின்மறுப்பு 2,500 ஓம் அளவுக்கு உயர்ந்திருக்கும். கருவியின் 50 ஓமுக்கு அதனைப் பொருத்த, 49க்கு 1 என்ற விகிதத்தில் மின்மறுப்பை மாற்றும் மின்மாற்றி ஒன்று தேவை. பால்கனியிலிருந்து கம்பியைக் கீழே தொங்கவிடுவதும் உண்டு. ஆனால் ஒரு மாடியின் உயரம் சுமார் 3 மீட்டர் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். 10 மீட்டர்க் கம்பி மூன்று வீடுகளின் சன்னல்களைக் கடந்து செல்லும். அவ்வீட்டார் அனைவரின் இசைவும் இன்றியமையாதது.

கம்பி கட்டவே இடமில்லாதோர்க்கு வளைய ஆன்டெனா பயன்படும். ஒரு மீட்டர் விட்டமுள்ள செம்புக் குழாய் வளையமும், மாறுநிலை மின்தேக்கி ஒன்றும் சேர்ந்தால் 14 மெகாஹெர்ட்ஸுக்குப் பால்கனியிலேயே நிலையம் தயார். வளையத்தின் கதிர்வீச்சுத் தடை சுமார் 0.1 ஓம் மட்டுமே. இதனால் மெல்லிய கம்பியை இதற்குப் பயன்படுத்தலாகாது. பெரும்பகுதி ஆற்றல் வெப்பமாக வீணாகும். அதிர்வெண்ணைச் சிறிது மாற்றினாலும் மீண்டும் இசைவிக்க வேண்டும். 5 வாட் திறனிலேயே மின்தேக்கியின் குறுக்கே மின்னழுத்தம் ஆயிரம் வோல்ட்டை எட்டக்கூடும் ஆகையால், இயங்கும்போது எவரும் தொடலாகாது. குழந்தைகள் உள்ள வீட்டில் இது தனிக்கவனத்துக்குரியது.

குறைந்த உயரம், குறைந்த திறன்

உயரமின்மை எப்போதும் குறையன்று. தரையிலிருந்து கால் அலைநீளத்துக்கும் குறைவான உயரத்தில் கிடையாகக் கட்டிய கம்பி, ஆற்றலின் பெரும்பகுதியை மேல்நோக்கி அனுப்புகிறது. அயனி மண்டலம் அதனைத் திருப்பியனுப்ப, சுற்றிலும் சில நூறு கிலோமீட்டர் பரப்பில் தொடர்பு கிடைக்கிறது. 7 மெகாஹெர்ட்ஸில் பகற்பொழுதில் இம்முறை நன்கு உதவும். மாவட்டத் தலைநகருக்கும் மாநிலத் தலைநகருக்கும் இடையே வெள்ளக்காலத்தில் தேவைப்படும் தூரமும் இதுவே.

திறன் பற்றியும் தவறான கருத்துகள் உள்ளன. 100 வாட்டை 5 வாட்டாகக் குறைத்தால், எதிர்முனையில் சைகையின் வலிமை 13 டெசிபெல் குறையும். அளவுமானியில் இது ஏறத்தாழ இரண்டு படிகளே. மோர்ஸ் முறையும், 2017இல் அறிமுகமான எஃப்.டி.8 என்னும் கணினிவழி முறையும் மிகக் குறுகிய அலைப்பட்டையைப் பயன்படுத்துகின்றன. எனவே பேச்சு எட்டாத இடத்தையும் அவை எட்டுகின்றன. குறைந்த திறனால் அண்டை வீட்டாருக்கு இடையூறு குறைவு; ஒரு சிறு 12 வோல்ட் மின்கலமே நெடுநேரம் போதும்.

மாடிவாசியின் பெரும்பகை உண்மையில் இரைச்சலே. எல்.இ.டி. விளக்குகள், மின்னேற்றிகள், மின்தூக்கியின் மோட்டார் ஆகியன எழுப்பும் மின்னிரைச்சல் தொலைவிலுள்ள சைகையை மூழ்கடித்துவிடும். மின்கலத்தில் இயங்கும் வாங்கியை வைத்துக்கொண்டு, வீட்டின் முதன்மை மின்விசையை நிறுத்திக் கேட்டால், இரைச்சல் சொந்த வீட்டினதா, அயல்வீட்டினதா என்பது விளங்கும். கேபிளின்மீது ஃபெரைட் வளையங்களைக் கோப்பதும், ஆன்டெனாவை வீட்டு மின்கம்பிகளுக்கு எட்ட வைப்பதும் பயன்தரும்.

பாதுகாப்பும் இசைவும்

மின்வாரியக் கம்பிகளுக்கு அருகில் எந்த ஆன்டெனாவும் செல்லலாகாது. அறுந்து விழுந்தாலும் அவற்றைத் தொடாத இடைவெளி இருத்தல் வேண்டும். கட்டடத்தின் இடிதாங்கியோடு ஆன்டெனாவைத் தாமாக இணைத்தல் தவறு. புவி இணைப்பைத் தகுதி பெற்ற மின்பணியாளரைக் கொண்டே அமைக்க வேண்டும். இடி மழைக் காலத்தில் நிலையத்தை இயக்காமல், முன்னதாகவே கேபிளைக் கழற்றி வைத்தல் முறை. மொட்டை மாடித் தளத்தில் துளையிட்டால் நீர்க்கசிவு ஏற்படும். எடையிட்ட தாங்கிகளைப் பயன்படுத்தலாம். ஆள் நடக்கும் வழியிலும், தீ விபத்தின்போது வெளியேறும் பாதையிலும் கம்பி குறுக்கிடலாகாது.

சங்கத்துக்கு அளிக்கும் விண்ணப்பம் ஒரு பக்கத்துக்குள் அடங்கினால் போதும். உரிமத்தின் நகல், ஆன்டெனாவின் நீளமும் எடையும், பொருத்தும் இடத்தின் வரைபடம், அலைபரப்புத் திறன், பழுது பார்க்கும்போது கழற்றித்தருவதற்கான உறுதிமொழி ஆகியவை அதில் இடம்பெறல் வேண்டும். நிரந்தர அனுமதி கேட்பதைவிட மூன்று மாதச் சோதனைக் காலம் கேட்பது நற்பலன் தரும். யாருடைய தொலைக்காட்சியிலாவது இடையூறு தெரிந்தால், புகாரின் நேரத்தை நிலையக் குறிப்பேட்டுடன் ஒப்பிட்டு உண்மையை அறியலாம். காரணம் நிலையமே எனில், வடிப்பான் பொருத்துவதும் திறனைக் குறைப்பதும் உரிமதாரரின் கடமை.

சங்கத்தின் பொறுப்பாளர்களும் 'ஆன்டெனா கூடாது' என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடலாகாது. உரிமம் உண்டா, பாதுகாப்பானதா, கட்டடத்துக்குச் சேதமில்லையா, வெளியிலிருந்து கண்ணை உறுத்துமா, தேவைப்பட்டால் கழற்ற இயலுமா என்னும் ஐந்து கேள்விகளை முன்வைத்து முடிவெடுப்பது இருதரப்பினர்க்கும் நியாயமாகும். மாதிரித் துணைவிதிகளை வகுக்கும் அதிகாரிகள் இத்தகைய பிரிவு ஒன்றைச் சேர்ப்பதும், மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டங்களில் அப்பகுதி அமெச்சூர் நிலையங்களின் பட்டியலை இணைப்பதும் செலவில்லாத சீர்திருத்தங்கள்.

ஐதராபாத்தில் 1983இல் நிறுவப்பட்ட தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனம் போன்ற அமைப்புகள் இளைஞர்களைத் தேர்வுக்கு ஆயத்தப்படுத்துகின்றன. ஆனால் உரிமம் பெற்ற மாணவனுக்கு வீட்டில் ஒரு கம்பி கட்ட வழியில்லையெனில், பெற்ற பயிற்சி ஏட்டளவில் நின்றுவிடும். அண்டை வீட்டார் அறிந்து ஒப்புக்கொண்ட பத்து மீட்டர்க் கம்பி, எவரும் அறியாமல் நிறுத்திய உயர்ந்த கம்பத்தைவிட உறுதியானது. ஏனெனில் வெள்ளம் வரும் நாளில் அக்கம்பி எங்கிருக்கிறது, யாரைக் கேட்க வேண்டும் என்பது அக்கட்டடத்தில் உள்ள அனைவருக்கும் தெரிந்திருக்கும்.