காதுக்குள் இரைச்சல்: என்ன செய்வது, எதைச் செய்யக்கூடாது

விளக்கை அணைத்துப் படுத்த பிறகுதான் அது பெரிதாகக் கேட்கும். சிலருக்குச் சில்வண்டு, சிலருக்குக் குக்கர் விசில், சிலருக்கு ‘ஹோ’வென்ற கடலிரைச்சல். பயப்பட வேண்டாம், இது மனநோயின் அடையாளம் அல்ல. 1953இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள், காது நன்றாகக் கேட்கும் 80 பேரைச் சத்தம் புகாத அறையில் தனித்தனியே உட்கார வைத்தார்கள். அவர்களில் 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள். நிசப்தத்தில் பலருக்கும் கொஞ்சம் கேட்கும். நாள் முழுக்கக் கேட்டு, தூக்கத்தைக் கெடுக்கும்போதுதான் கவனிக்க வேண்டியதாகிறது.

முதலில், இது அவசரமா என்று பாருங்கள்

ஓரிரு நாளுக்குள் ஒரு காது திடீரென்று மந்தமாகி, கூடவே இரைச்சலும் வந்தால் அன்றைக்கே ஈ.என்.டி. மருத்துவரிடம் போங்கள். குறும்பி அடைத்திருக்கும், சளியாக இருக்கும் என்று நாளைக் கடத்துவதில்தான் பலர் கேட்கும் திறனை இழக்கிறார்கள். உள்காதோ நரம்போ பாதிக்கப்பட்டிருந்தால் ஸ்டீராய்டு சிகிச்சையை இரண்டு வாரத்துக்குள் தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று முனகிப் பாருங்கள். மந்தமான காதில் சத்தம் கூடுதலாகக் கேட்டால் அடைப்பாக இருக்கலாம். நல்ல காதுப் பக்கம் ஒதுங்கினால் நரம்புச் சிக்கலாக இருக்கலாம். எப்படிக் கேட்டாலும் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

தலையில் அடிபட்ட பின் வந்த இரைச்சல், முகம் ஒரு பக்கம் கோணுவது, நிற்கவே முடியாத தலைசுற்றல் ஆகியவையும் அவசரம்தான். நாடித் துடிப்போடு ஒத்து ‘டப் டப்’ என்று கேட்டால் ரத்தக்குழாய்களையும் பரிசோதிக்க வேண்டியிருக்கும்; அதை மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

போகும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்

எந்தக் காது, எப்போதிலிருந்து, விட்டுவிட்டா தொடர்ந்தா, தலைசுற்றல் உண்டா, என்ன வேலை செய்கிறீர்கள். சாப்பிடும் மாத்திரைகளையும் எழுதுங்கள். காசநோய்க்குப் போடும் ஸ்ட்ரெப்டோமைசின், அமிக்காசின் ஊசிகள், புற்றுநோய்க்கான சிஸ்பிளாட்டின், அதிக அளவில் ஆஸ்பிரின் ஆகியவை காதைப் பாதிக்கக்கூடியவை. ஆனால் எதையும் நீங்களாக நிறுத்தக்கூடாது.

பரிசோதனை

முதலில் காதுக்குள் பார்ப்பார்கள். குறும்பிதான் காரணம் என்றால் அதை எடுத்ததும் பலருக்கு இரைச்சல் குறைந்துவிடும். பட்ஸ், ஹேர்பின், காய்ச்சிய எண்ணெய் எதுவும் வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் நடுக்காதுவரை போய்விடும்.

அடுத்தது ஆடியோகிராம். சத்தம் புகாத சிறு அறையில் ஹெட்போன் மாட்டி, மெல்லிய ‘பீப்’ கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொல்வார்கள். முடிவில் ஒரு வரைபடம் தருவார்கள்: வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. கோடு நேராக வந்து 4000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளமாக இறங்கினால், பெரும்பாலும் அது இரைச்சலில் வேலை செய்ததன் தடம். விசைத்தறிக் கூடங்களில் சத்தம் சாதாரணமாக 90 டெசிபலைத் தாண்டும். எட்டு மணி நேரத்துக்குப் பாதுகாப்பான வரம்போ 85. ஆடியோகிராம் தாளைப் பத்திரமாக வையுங்கள், பின்னால் ஒப்பிட உதவும்.

ஒரே காதில் மட்டும் இரைச்சல் தொடர்ந்தாலோ, இரு காதுகளின் கேட்கும் திறனில் வித்தியாசம் இருந்தாலோ எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்கள். செவி நரம்பில் கட்டி இல்லை என்று உறுதிசெய்யத்தான், பெரும்பாலும் இருக்காது. இரண்டு காதிலும் ஒரே மாதிரி இரைச்சல், வேறு தொந்தரவு எதுவும் இல்லை என்றால் பொதுவாக ஸ்கேன் தேவைப்படாது.

இனி, அதோடு வாழ்வது

இரைச்சலை அடியோடு ஒழிக்கும் மாத்திரை இன்றுவரை இல்லை. ஜிங்கோ, துத்தநாகம், மெலட்டோனின் ஆகியவற்றை இதற்காகப் பரிந்துரைக்க வேண்டாம் என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கம் 2014இலேயே சொல்லிவிட்டது. பீட்டாஹிஸ்டின் மாத்திரையை இரைச்சலுக்கு மட்டும் தரக்கூடாது என்கிறது பிரிட்டனின் நைஸ் அமைப்பு (2020). அதை மாதக்கணக்கில் அட்டை அட்டையாக வாங்குபவர்கள் எதற்காகச் சாப்பிடுகிறோம் என்று மருத்துவரிடம் கேட்டேயாக வேண்டும்.

காது மந்தமாக இருந்தால் காதுக் கருவிதான் முதல் மருந்து. காதிலிருந்து வரும் தகவல் குறையும்போது மூளை தன் கவனத்தைக் கூட்டிக்கொள்கிறது. சரியாகக் கிடைக்காத ரேடியோ ஸ்டேஷனுக்கு வால்யூமைக் கூட்டினால் கரகரப்பும் கூடுவதைப்போல. கருவி வெளிச்சத்தத்தைக் கொண்டுவந்தால் மூளைக்கு அந்தச் சிரமம் குறைகிறது.

நிசப்தத்தைத் தேடாதீர்கள். படுக்கும்போது மின்விசிறியோ மழைச்சத்தப் பதிவோ ஓடட்டும். இரைச்சலை அது முழுக்க மூழ்கடிக்க வேண்டாம். அதற்குச் சற்றுக் கீழே, இரண்டும் சேர்ந்து கேட்கும்படி வையுங்கள். இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் மூளை அதைப் பொருட்படுத்தாமல் விடப் பழகும். பல மாதங்கள் பிடிக்கும். காதடைப்பானைத் தறிக்கூடத்திலும் வெடிச்சத்தத்திலும் மட்டும் மாட்டுங்கள், வீட்டில் வேண்டாம்.

தூக்கமின்மையும் கவலையும் இரைச்சலைப் பெரிதாக்கும். அந்த வேதனையைக் குறைப்பதில் நல்ல சான்று உள்ள சிகிச்சை சி.பி.டி. எனப்படும் மனநல உரையாடல் சிகிச்சை. அதை ஒரு உளவியலாளரிடம் கேட்டுப் பெறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உயிரை விடலாமா என்று தோன்றுமளவுக்கு இரவுகள் கடினமானால் வீட்டாரிடம் சொல்லிவிட்டு, 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை எந்த நேரமும் இலவசமாக அழையுங்கள். தமிழிலேயே பேசலாம்.