பழைய பிக்கப் வண்டி ஏற்றத்தில் திணறி நிற்பது ஏன்?

படப்பை, மணிமங்கலம், முடிச்சூர்ப் பக்கங்களிலிருந்து கீரை, வெண்டை, கத்தரி முதலியவற்றைத் தாம்பரம் மார்க்கெட்டுக்கும், அதைத் தாண்டிக் கோயம்பேட்டுக்கும் ஏற்றிச் செல்லும் சிறு விவசாயிகள் பலருக்குப் பழைய டீசல் பிக்கப் வண்டியே துணை. சமதரையில் குறை சொல்ல முடியாமல் ஓடும் இவ்வண்டி, பாரத்தோடு தாம்பரம் மேம்பாலத்து ஏற்றத்தைப் பிடித்தவுடன் இழுவை குறைந்து, குலுங்கி, நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடவாததுபோல் கிளம்புகிறது. அதற்குள் விடியற்கால ஏலம் முடிந்து, கீரைக்கட்டு வாடத் தொடங்கிவிடும்.

இந்த நிலையில் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனால் முதலில் காதில் விழும் சொல் "பம்பு போச்சு" என்பதாகத்தான் இருக்கும். டீசல் பம்பைக் கழற்றிப் பழுது பார்ப்பது சிறு விவசாயிக்குப் பெரிய செலவு. பம்பு உண்மையிலேயே தேய்ந்திருக்கலாம். ஆனால் இதே அடையாளத்தை ஒரு விரற்கடை ரப்பர் குழாயும் காட்டும். அடைபட்ட பில்டரும் காட்டும். ஆகவே பம்பில் கை வைக்குமுன், டேங்கிலிருந்து தொடங்கி எஞ்சின் வரை வரிசையாகப் பார்த்து வருவதே முறை. இங்குச் சொல்லப்படுவது எந்திரப் பம்பு கொண்ட பழைய டீசல் வண்டிகளுக்கு உரியது. பவர் டில்லருக்கும், கிணற்றுமேட்டு ஆயில் எஞ்சினுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

எப்படி நிற்கிறது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். சாவியை அணைத்தாற்போல் ஒரே நொடியில் நின்றால், சந்தேகம் மின்கம்பியின் மேல் விழ வேண்டும். சிலவகைப் பம்புகளின் தலையில் டீசலை நிறுத்தும் மின்வால்வு ஒன்று உண்டு. அதற்கு வரும் கம்பி தளர்ந்திருந்தால், பள்ளத்தில் சக்கரம் இறங்கும் குலுக்கலே போதும், வண்டி நின்றுவிடும். மாறாக, இழுவை சிறிது சிறிதாகக் குறைந்து, இரண்டு மூன்று முறை உதறிவிட்டு நின்றால், எஞ்சினுக்கு டீசல் போதவில்லை என்று கொள்ளலாம்.

அடுத்து, புகை. ஏற்றத்தில் கரும்புகை கக்கியபடி திணறினால் டீசல் வருகிறது, காற்றுதான் போதவில்லை. ஏர் பில்டரைத் திறந்து பார்க்க வேண்டும். நாசில் சரியாகத் தூவாவிட்டாலும் கரும்புகை வரும். நீலப்புகை எஞ்சின் ஆயில் எரிவதைக் காட்டும். வெண்புகை எரியாத டீசலாகவோ, உள்ளே புகுந்த நீராகவோ இருக்கலாம். மிதியை முழுவதும் அழுத்தியும் புகையே இல்லாமல் இழுவை மட்டும் குறைந்தால், டீசல் வரும் வழியில் தடை இருக்கிறது. மேம்பாலத்தில் நிற்கும் வண்டிகளில் இந்தக் கடைசி வகையே மிகுதி.

வெறும் வண்டி ஓடுகிறதே, பாரம் ஏற்றினால் மட்டும் ஏன் நிற்கிறது என்று கேட்கலாம். சமதரையில் வெறும் வண்டிக்குக் கொஞ்சம் டீசல் போதும். பாதி அடைபட்ட பில்டரும் அந்த அளவை விட்டுவிடும். பாரத்தோடு ஏறும்போது தேவை பன்மடங்கு ஆகிறது. அவ்வளவை அது விடாது. எஞ்சின் நின்ற பிறகு டீசல் மெதுவாகக் கசிந்து பில்டருக்குள் நிரம்பிக்கொள்கிறது. பத்து நிமிடம் கழித்து வண்டி கிளம்பும் மாயம் இதுதான். வண்டியைக் காலியாக ஓட்டிப் பார்த்துவிட்டு "சரியாகத்தானே இருக்கிறது" என்று திருப்பித் தரும் பட்டறைக்கு இந்தக் கோளாறு கண்ணில் படாது.

டேங்க் மூடியும் வடிகட்டியும்

செலவில்லாத சோதனை டேங்க் மூடிதான். டீசல் வெளியே போகப் போக, அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்கான சிறு துளை சேற்றால் அடைபட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி டீசலைப் பிடித்து இழுக்கும். வண்டி நின்றவுடன் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போகும் ஓசை கேட்டால் கோளாறு அங்கேதான். துளையைச் சுத்தம் செய்தால் போதும்.

டேங்கின் அடியில் தண்ணீரும் கசடும் சேர்ந்திருக்கும். தண்ணீர் டீசலைவிடக் கனமானது என்பதால் அடியில் தங்கும். டீசலை உறிஞ்சும் குழாய் முனையும் அடியில்தான் இருக்கிறது. வண்டியை ஓர் இரவு அசையாமல் நிறுத்தி, காலையில் நகர்த்துமுன் டேங்கின் அடித்திருகைச் சிறிது தளர்த்தி, முதலில் வருவதைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடிக்க வேண்டும். சற்று நேரத்தில் இரண்டும் தனித்தனி அடுக்காக நிற்கும். தண்ணீரும் டீசலும் சேரும் எல்லையில் கிருமிகள் வளர்ந்து கருமையான கொழகொழப்பு உண்டாவதும் உண்டு. அதைக் கண்டால் பில்டரை மட்டும் மாற்றிப் பயனில்லை. டேங்கை இறக்கிக் கழுவியே ஆக வேண்டும்.

விவசாயி வீட்டில் தண்ணீர் சேர இன்னொரு வழி உண்டு. ஆயில் எஞ்சினுக்கென்று கேனில் வாங்கி வைத்த டீசலையே அவசரத்துக்கு வண்டியிலும் ஊற்றுகிறார்கள். மூடி சரியில்லாத கேன், மோட்டார் கொட்டகையின் ஒழுகும் ஓரத்தில் மாதக்கணக்கில் கிடந்தால் அதில் இருப்பது முழுவதும் டீசல் அல்ல. கேனின் அடியில் நாலு விரல் அளவை ஊற்றாமல் விட்டுவிடுவது நல்லது.

காற்று புகும் இடம்

டேங்க், பில்டர் இரண்டும் சரி, ஆனாலும் வண்டி நிற்கிறது என்றால், குழாயில் காற்று புகுகிறதா என்று பார்க்க வேண்டும். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். "எங்கும் டீசல் சொட்டவில்லையே, பிறகு எப்படிக் காற்று போகும்?" என்பார்கள். டேங்குக்கும் உறிஞ்சு பம்புக்கும் இடையில் உள்ள குழாயில் டீசல் தள்ளப்படுவதில்லை, உறிஞ்சப்படுகிறது. அங்கு வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே வராமல், காற்றுதான் உள்ளே போகும். டீசலை நசுக்க முடியாது, காற்றை நசுக்கலாம். பம்பு குழியில் காற்றுக்குமிழி சிக்கினால், தள்ளும் விசையெல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே வீணாகி, நாசில் திறப்பதில்லை.

இதைக் கண்டுபிடிக்க, உறிஞ்சு பம்புக்கு வரும் வழியில் அரை அடி நீளத்துக்கு டீசலுக்குத் தாங்கும் தெளிவான பிளாஸ்டிக் குழாயைத் தற்காலிகமாக மாட்டி, எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தால் போதும். குமிழி ஓடுவது கண்ணுக்குத் தெரியும். குமிழி வந்தால், வெயிலில் வெடித்த ரப்பர் குழாய், தளர்ந்த கிளிப், ஒருமுறை நசுங்கிய செம்பு வாஷர் ஆகிய மூன்றையும் புதிதாக மாற்ற வேண்டும். பழைய வாஷரைத் திருப்பிப் போட்டு முடுக்குவது வேண்டாத சிக்கனம்.

எல்லாவற்றையும்விடத் தீர்ப்பான சோதனை கேன் சோதனை. சுத்தமான 5 லிட்டர் கேனில் புது டீசலை ஊற்றி, பம்பைவிட உயரமான இடத்தில், புகைக்குழாய்க்கும் விசிறிக்கும் எட்டாதபடி கட்டி, டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, கேனிலிருந்து புதுக் குழாய் மூலம் உறிஞ்சு பம்புக்குக் கொடுக்க வேண்டும். பில்டர் தலையிலுள்ள காற்றுத் திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்து, குமிழியில்லாத டீசல் வரும்வரை காற்றை எடுத்துவிட்டு, அதே பாரத்தோடு அதே ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். வண்டி இழுத்தால் குற்றம் டேங்கிலோ, அதிலிருந்து வரும் குழாயிலோதான், பம்பின்மேல் பழியில்லை. அப்போதும் நின்றால், புது பில்டர் போட்டு இன்னொருமுறை ஓட்ட வேண்டும். அதிலும் தேறாவிட்டால் பம்பையும் நாசில்களையும் சோதனை மேடை உள்ள பட்டறைக்குக் கொண்டுபோகலாம். அதற்குமுன் மிதியை ஒருவர் முழுதும் அழுத்த, பம்பின் நெம்புகோல் கடைசி நிலைவரை போகிறதா என்று மற்றவர் பார்ப்பது நலம். நீண்டுபோன கேபிளுக்காகப் பம்பைக் கழற்றியவர்களும் உண்டு.

ஓட்டத்துக்குப் பின் ஒரு சக்கரம் மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால், பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. எஞ்சின் இரைச்சல் கூடியும் வேகம் கூடாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. இவ்விரண்டும் இழுவைக் குறைவுபோலவே தோன்றும்.

எஞ்சின் ஓடும்போது நாசில் குழாய் இணைப்பில் கசிவைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. பழைய வகையிலேயே நாசில் ஏறத்தாழ 200 கிலோ அழுத்தத்தில் திறக்கிறது. அந்தத் தூவல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அப்படி நேர்ந்தால் காயம் ஊசிமுனை அளவே இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மின்னணுக் கட்டுப்பாடுள்ள புதுவகை டீசல் வண்டிகளில் அழுத்தம் இதைப் போலப் பல மடங்கு. அவற்றின் குழாய்களை வயலோரத்தில் கழற்ற வேண்டாம்.

பாலத்தில் எஞ்சின் நின்றுவிட்டால் பிரேக்கின் உதவி விசை ஓரிரு மிதியிலேயே தீர்ந்துவிடும். மிதியைப் பலமுறை விட்டுவிட்டு அழுத்தாமல் ஒரே பிடியாக அழுத்தி நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்குக் கல் வைத்த பிறகே பானட்டைத் திறக்க வேண்டும்.

2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தபோது வண்டிகள் தண்ணீரில் நின்றன. அப்படி நீரில் நின்ற வண்டியை, தண்ணீர் வடிந்தவுடன் "கிளம்புகிறதா பார்ப்போம்" என்று சாவி போடக் கூடாது. சிலிண்டருக்குள் நீர் இருந்தால் ஒரே சுற்றில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். முதலில் எஞ்சின் ஆயில் அளவுகோலை உருவிப் பார்க்க வேண்டும். ஆயில் மோர்போல் வெளுத்திருந்தால் இழுவை வண்டி வைத்தே பட்டறைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வெளுக்காவிட்டாலும் ஏர் பில்டர் நனைந்திருக்கிறதா என்று பார்த்து, டேங்கின் அடித்திருகைத் திறந்து நீரை வடித்து, டீசல் பில்டரை மாற்றிய பின்னரே எஞ்சினைச் சுற்றலாம்.